முதல் மேஜையின் வாக்குமூலம்

நீதிமன்றத்தின் பின்மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை ஒன்று உண்டு. உள்ளே வரிசையாகப் பதினோரு மேஜைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கட்டு வெள்ளைத் தாள், தாள் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல். மனுவோ பதில் மனுவோ, எதிரே கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொன்னால் போதும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, நீதிமன்றம் ஏற்கிற நடையில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

வாசல் பக்கத்து மேஜை அவளுடையது. பதினான்கு வருடமாக அதே நாற்காலி. அவள் பெயர் அந்த வளாகத்தில் யாருக்கும் நினைவில்லை. வக்கீல் குமாஸ்தாவிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'முதல் மேஜை'தான். "முதல் மேஜைக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்பார்கள். நேரில் மட்டும் "அக்கா."

குழந்தைப் பராமரிப்பு வழக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் அனுப்புவார்கள். பிரிந்துபோன தகப்பனும் தாயும் குழந்தைக்காக ஆளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்கிற முறை அவளுக்கு அத்துப்படி. இருவரும் தங்கள் வருமானத்தை எழுதித் தரவேண்டும். குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர், குழந்தைக்கு மாதம் என்ன செலவாகிறது என்று பட்டியல் தரவேண்டும். அந்தச் செலவை நீதிபதி இருவரின் வருமானத்துக்கு ஏற்றபடி பிரிப்பார். அதிகம் சம்பாதிக்கிறவர் அதிகம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். கேட்கிறதற்கு என்ன சுலபம்!

ஆனால் அந்தக் கொட்டகைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வருமானத்தை எழுதும்போது யாரானாலும் பாதியாகக் குறைத்துப் போடுவது. செலவை எழுதும்போது ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூட்டிப் போடுவது. பதினோரு மேஜையும் இப்படித்தான் அடித்தது. மாடியில் உட்கார்ந்திருந்த நீதிபதி அம்மாளுக்கும் அது தெரியும். அதனால் அவர், சொன்ன வருமானம் எதுவானாலும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வார். சொன்ன செலவு எதுவானாலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவார். பொய்யும் வெட்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கடைசியில் உண்மைக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு தொகை வந்து நிற்கும். ஒருவரும் உண்மை சொல்லாமலே ஓரளவு நியாயம் நடந்துகொண்டிருந்தது.

அவள் அந்த வழக்கத்தில் கெட்டிக்காரி. குறிப்பாக, கணவன்மார்களுக்காக அவள் எழுதி வைத்திருந்த ஒரு வாக்கியம் வளாகம் முழுக்கப் பிரசித்தம்.

'என் குழந்தையின் மீது எனக்குள்ள பாசத்துக்கு அளவில்லை. என் வருமானத்துக்கோ அளவு உண்டு என்பதைக் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

முதன்முதலில் அதை ஒரு லாரிக்காரருக்காக எழுதினாள். படித்துக் காட்டியதும் அந்த முரட்டு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். அதிலிருந்து பதினோரு மேஜைக்கும் அந்த வாக்கியம் பொதுச் சொத்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவனிடம் அதைச் சொன்னபோது அவன் தட்டில் கையை வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடிப்பாவி! அந்த ஆளுக்கு நெஜமாவே கண்ணீர் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. பக்கத்துக்கு உள்ளதோட மேல கொஞ்சம் கொடுத்துட்டுப் போனாரு."

"இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லு."

அவள் ராகம் போட்டுச் சொன்னாள். அவன் கூடவே சொன்னான். அப்போது அவர்கள் மகள் கைக்குழந்தை. அப்பாவும் அம்மாவும் சிரிக்கிறார்களே என்று அதுவும் பொக்கை வாயால் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒருநாள் என்னவாகத் திரும்பி வரும் என்று அந்த மூன்று பேரில் யாருக்குத் தெரியும்?

அவன் ஏசி மெக்கானிக். பெரிய கடை ஒன்றில் சம்பளம் பதினைந்தாயிரம். கடை வேலை முடிந்தபிறகு, கடைக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்ப்பதில் இன்னொரு பதினேழாயிரம் வரும். அது கையில் வந்து கையில் போகிற பணம். எந்தக் காகிதத்திலும் ஏறாது.

மகளுக்கு இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. நடக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. மருத்துவமனையை ஒட்டிய பட்டறையில் அவளுக்கென்று அளவெடுத்து ஷூ செய்தார்கள். இடது ஷூவுக்கு மட்டும் கட்டை மாதிரி தடித்த அடி. போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்தால் ஒரு கால் 'டக்' என்றும் மறு கால் 'தொம்' என்றும் விழும். டக் தொம், டக் தொம். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன்தான் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ஏய், எதுக்கு அழுவுற? என் பொண்ணு நடக்கும்போதே தாளம் போடுறா பாரு" என்றான். அன்றிலிருந்து குழந்தையின் பெயர் தாளம். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வீட்டிலும் கொட்டகையிலும் தாளம்தான்.

"பதினாறு வயசு வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு ஷூ கட்டாயம் மாத்தணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கால் வளர்றது நிக்காதும்மா. சின்னதாப் போன ஷூவப் போட்டு நடந்தா இடுப்பு சாயும். இடுப்பு சாஞ்சா முதுகெலும்பு வளையும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு ஜோடி ஒன்பதாயிரம்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மை. மூன்று வருடம் ஓயாத சண்டை. அதன்பின் ஒரு வருடம் பேச்சே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் டூல்ஸ் பையையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு, கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனான். தாளத்துக்கு அப்போது ஒன்பது வயது. படிக்கட்டு வரை டக் தொம் என்று பின்னாலேயே போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டான் என்று தாளத்தின் அம்மா இன்றும் நம்புகிறாள்.

ஆறு மாதம் அவனாக ஏதும் கொடுக்கவில்லை. ஷூ மாற்ற வேண்டிய மாதம் வந்தது. கழுத்திலிருந்த சங்கிலியை விற்று அவள் அதை மாற்றினாள். அடுத்ததற்கு விற்க ஒன்றுமில்லை. பதினான்கு வருடம் பிறருக்கு மனு அடித்தவள், தனக்காக ஒரு மனு அடிக்கத் தீர்மானித்தாள்.

அங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அந்தக் கொட்டகையில் வேறு யாரும் செய்திருக்கவே முடியாத தப்பு.

ஒருநாள் விசாரணையின் நடுவில் நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உண்மையை எழுதிட்டு வர்ற ஒரு ஆளை ரிட்டயர் ஆகறதுக்குள்ள பார்த்துடுவேனான்னு இருக்கு" என்றாராம். கொட்டகையில் அதை ஒரு வாரம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

தன் மனுவை அடிப்பதற்காக ஒருநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தாள். தன் வருமானம் என்ற இடத்தில், போன வருடம் முழுக்க வாங்கியதைப் பன்னிரண்டால் வகுத்து, பதினைந்தாயிரம் என்று போட்டாள். குழந்தைக்கான செலவை ஒவ்வொன்றாக அடித்தாள். பள்ளிக் கட்டணம். பஸ். பால். நோட்டு. ஷூ, ஒன்பதாயிரத்தில் ஆறில் ஒரு பங்கு. தடித்த அடி உரசி ஒரு சாக்ஸ் மட்டும் சீக்கிரம் கிழிவதால், கூடுதலாக மாதம் ஒரு ஜோடி. கூட்டினால் பன்னிரண்டாயிரம். ஒரு காசு கூடவில்லை, ஒரு காசு குறையவில்லை.

இரண்டாவது மேஜைக்காரர் பெயர் ஒற்றை விரல். ஒரே விரலால் அடிப்பார். ஆனால் பத்து விரல்காரர்களைவிட வேகம். வந்ததும் வராததுமாகப் பிரிண்டரில் இருந்த தாளை எடுத்துப் படித்தார்.

"அக்கா, இது என்னக்கா?"

"என் மனு."

"அது தெரியுது. பால் கணக்கு இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"என் மேஜைக்கு வர்ற அம்மாக்களோட பால் கணக்கைப் பார்த்தா, வீட்ல புள்ள வளக்கிறாங்களா யானைக்குட்டி வளக்கிறாங்களான்னு இருக்கும். நீங்க என்ன, டம்ளர் டம்ளரா அளந்து எழுதியிருக்கீங்க? அழிங்க. அழிச்சிட்டுப் பதினெட்டாயிரம்னு போடுங்க. உங்க வருமானம் ஏழரை."

"வேணாம்பா. உண்மை என்னவோ அது இருக்கட்டும்."

"உண்மையா?" அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த எடத்துலயா?"

அவள் வக்கீலும் அதையேதான் சொன்னாள். வக்கீல் சின்ன வயசுப் பெண். அவளை அக்கா என்றே கூப்பிடுவாள். அவளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை என்று இருந்தாள்.

"அக்கா, நீங்க பன்னிரண்டுன்னு சொன்னா மேடம் காதுல எட்டுன்னுதான் விழும். உங்களுக்கா தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவள் தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்:

"எம் பொண்ணு ஒருநாள் பெரியவளாவா. இந்தக் காகிதத்த எடுத்துப் படிப்பா. எத்தன புள்ளைங்களுக்கு நானே கூட்டியும் கழிச்சும் வெல போட்டிருக்கேன்? எம் பொண்ணோட வாழ்க்கைய மட்டுமாவது உள்ளது உள்ளபடி எழுதுறேனே. அந்த அம்மாவே உண்மை வேணும்னு கேட்டாங்களே, பாத்தா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

வக்கீல் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்ட இடத்தில் முத்திரை குத்தினாள்.

மூன்று வாரம் கழித்து அவன் தரப்பின் பதில் வந்தது. அவள் வக்கீல் அறையில் நின்றபடியே அதைப் படித்தாள். மாத வருமானம் பதினைந்தாயிரம். கடைக்காரரின் சம்பளச் சான்று இணைக்கப்பட்டிருந்தது. வெளிவேலையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

'என் குழந்தையின் மீது எனக்குள்ள பாசத்துக்கு அளவில்லை. என் வருமானத்துக்கோ அளவு உண்டு என்பதைக் கண்ணீருடன்...'

தாளின் மூலையில் இரண்டாவது மேஜையின் முத்திரை.

நேராகக் கொட்டகைக்கு வந்தாள். ஒற்றை விரல் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்க லீவு போட்ட அன்னிக்கு வந்தாரு. நான் மாட்டேன்னா மூணாவது மேஜைக்குப் போயிருப்பாரு. எனக்கும் வயிறு இருக்கேக்கா."

"அடிச்சது தப்பில்ல. ஆனா நான் எழுதின வாக்கியத்த எனக்கே எதிராப் போடணுமா? ஊருக்கெல்லாம் போட்டாலும், எனக்குப் போடலாமா..."

"சத்தியமா நானாப் போடலக்கா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவரு வாயாலேயே சொன்னாரு. ஒரு எழுத்து பிசகாம. நான் அடிச்சேன், அவ்வளவுதான்."

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கட்சிக்காரர் காத்திருந்தார். "அம்மா, பேர் மாத்தணும், ஒரு மனு..." என்று ஆரம்பித்தார். அவள் விரல்கள் தாமாகவே அடிக்கத் தொடங்கின. கண்ணீர் விசைகளுக்கிடையே விழுந்தது. அந்த மனிதர் தன் கஷ்டத்துக்காகத்தான் அந்த அம்மாள் அழுகிறாள் என்று நினைத்து, தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள் வக்கீல் மறுநாள். "திருத்தின பட்டியல் போடலாம். இல்லன்னா அவர் வெளிவேலை பண்றதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க."

ஆதாரத்துக்கு அவள் அலைந்தாள். அவன் ஏசி பார்த்துக் கொடுத்த நாலு வீடுகள் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்? "நல்ல மனுஷன்ங்க, கம்மியா வாங்குறாரு. அவர மாட்டி விட்டா அப்புறம் யாரு வருவா?" என்று ஒரு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். திருத்திய பட்டியலுக்கு அவள் ஒப்பவில்லை. ஏற்கனவே சத்தியம் பண்ணிக் கொடுத்ததை மாற்றினால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். உண்மையைப் பொய்யாக்க அவளுக்குக் கை வரவில்லை.

விசாரணை அன்று மாடி அறையில் பத்தொன்பது வழக்குகள். அவளுடையது பதினேழாவது. நீதிபதி அம்மாளின் மேஜையில் இரண்டு பக்கமும் கட்டுகள். மின்விசிறி கத்திக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவளுக்கு அதுவும் கண்ணில் பட்டது. பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நீதிபதி அம்மாள் அவன் பதிலைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். வாய்விட்டே படித்தார்.

"'கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' இதோட எத்தனாவது கண்ணீர்?" அறையில் சிரிப்பு எழுந்தது. "இதை யார் எழுதித் தர்றாங்கன்னு தெரியல. அவங்க மட்டும் என் கையில கெடைச்சா..." என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "சரிதானேம்மா?"

"சரிதாங்க" என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

பிறகு எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. அவன் சொன்ன பதினைந்தில் நீதிபதி மூன்றில் ஒரு பங்கு கூட்டினார், இருபது ஆயிற்று. அவள் சொன்ன பதினைந்திலும் கூட்டினார், அதுவும் இருபது. இருவருக்கும் சமமான வருமானம். அவள் காட்டிய பன்னிரண்டாயிரம் செலவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார், எட்டு. ஆளுக்குப் பாதி. தகப்பன் மாதம் நாலாயிரம் கொடுக்க வேண்டும்.

வக்கீல் எழுந்தாள். "மேடம், என் கட்சிக்காரர் கொடுத்திருக்கறது அத்தனையும் உண்மையான கணக்கு. எதையும் கூட்டல, குறைக்கல."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க" என்றார் நீதிபதி அம்மாள். கோபமில்லை, கேலியும் இல்லை. களைப்பு மட்டும்தான். "அடுத்தது."

அவள் கையிலிருந்த தன் மனுவின் நகலை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வழக்கப்படி அடித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவள் மூளை தானாகவே போட்டுப் பார்த்துவிட்டது. ஏழரை பத்தாகியிருக்கும். பதினெட்டு பன்னிரண்டாகியிருக்கும். அவனுக்கு இருபது, அவளுக்குப் பத்து. மூன்றில் இரண்டு பங்கு அவன் தலையில் விழுந்திருக்கும். எட்டாயிரம். பொய் சொல்லியிருந்தால் எட்டு. உண்மை சொன்னதால் நாலு.

வராந்தாவில் அவன் தூணருகே நின்றான். அவளைப் பார்த்ததும் போகலாமா நிற்கலாமா என்று கால் மாற்றினான்.

"நாலாயிரமா போட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். "நான் ஏழு எட்டு வரும்னு நெனச்சேன்."

"பதினஞ்சுன்னு எழுதிட்டு எட்டு வரும்னு நெனச்சீங்களா?"

"நீதானே சொல்லுவ? பாதியா குறைச்சுப் போடணும், அவங்க மேல போட்டுக்குவாங்கன்னு. வீட்டுல எத்தன தடவ சொல்லியிருக்க? நீ கூட்டிப் போடுவ, நான் குறைச்சுப் போடுவேன், ரெண்டும் சரியாப் போயிடும்னு..."

"நான் கூட்டிப் போடல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"உண்மையத்தான் எழுதினேன். பூராவும்."

"உனக்குப் பைத்தியமா? நீயா? யாராவது இங்க வந்து உண்மைய எழுதுவாங்களா?"

"அந்த வாக்கியத்த எனக்கே எழுதினீங்களே. அது மத்தவங்களுக்காக எழுதினது."

அவன் தரையைப் பார்த்தான். "நானும் இப்போ உனக்கு மத்தவன்தானே" என்றான்.

அந்த ஒரு சொல்லில், இருந்த கடைசி இழையும் அறுந்தது. அவள் படியிறங்கிப் போனாள். அவன் பின்னாலிருந்து, "தாளத்துக்கு ஏதாவது வேணும்னா சொல்லு" என்றான். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

மேல்முறையீடு செய்தால் இரண்டு வருடம் ஆகும் என்றாள் வக்கீல். சொன்ன தேதியில் அவன் பணம் கொடுக்காவிட்டால் புகார் செய்யலாம். ஆனால் அவன் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் நாலாயிரத்தை அனுப்பிவிட்டான். ஒருநாள்கூடத் தவறவில்லை. குறை சொல்ல இடமில்லாத தகப்பன் என்று காகிதத்தில் ஆகிவிட்டான்.

ஷூ மாற்ற வேண்டிய மாதம் மறுபடி வந்தது. மானத்தை விட்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"ஒன்பதாயிரம் ஆகுதுங்க. பாதியாவது..."

மறுமுனையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "ஷூவும் சேத்துத்தானே நாலாயிரம்னு போட்டிருக்காங்க? எனக்குக் கைமாத்து அடைக்க வேண்டியது இருக்கு. இந்த மாசம் முடியாது. அடுத்த மாசம் பாக்கலாம்." அடுத்த மாதம் அவன் போனை எடுக்கவில்லை.

பஸ்ஸை நிறுத்தினாள். பாலைப் பாதியாக்கினாள். டீயை விட்டாள். பட்டறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த ஷூக்காரர் பழைய ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டைய கொஞ்சம் ஒட்டிக் கொடுக்கலாம்மா. ஆனா நீளத்துக்கு நான் என்ன பண்றது? தோல் இழுத்தா வராதே" என்றார். பிறகு அதை மகளின் காலில் மாட்டி, குனிந்து நுனியை வெளியிலிருந்து அழுத்தினார். "பாப்பா, விரல் இடிக்குதா?"

தாளம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"இல்ல மாமா. இன்னும் லூசாத்தான் இருக்கு."

"நெஜமாவா?"

"நெஜமா. உள்ள இவ்ளோ எடம் இருக்கு." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினாள். "இன்னும் ஒரு வருஷம் போடலாம்."

எத்தனையோ ஆயிரம் பேர் சத்தியம் பண்ணிச் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு அடித்தவள் அவள். ஒரு குரல் எந்த இடத்தில் குறைத்துச் சொல்கிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். மகளின் ஷூவுக்குள் ஐந்து விரல்களும் மடங்கிக் கிடப்பதை அவள் பார்க்காமலே பார்த்தாள். "பொய் சொல்லாதடி" என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதன்பிறகு ஒன்பதாயிரம் எடுத்து வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தது எண்ணூறு.

"சரி, ஒட்டிக் குடுங்க" என்றாள் ஷூக்காரரிடம். அந்தப் பொய்யை அவள் ஏற்றுக்கொண்டாள். அதற்காக இனி ஆயுள் முழுக்கத் தன்னை மன்னிக்க மாட்டாள்.

பஸ் இல்லாததால் பள்ளி விட்டதும் தாளம் இப்போது நடந்தே கொட்டகைக்கு வருகிறாள். கருங்கல் பதித்த நடைபாதையில் அவள் வருகிற சத்தம் பதினோரு மேஜைக்கும் கேட்கும்.

ஒருநாள் பிற்பகல் முதல் மேஜையின் எதிரே ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். கைக்குழந்தையின் தகப்பன். மனைவி மனு போட்டிருக்கிறாள். பதில் அடிக்க வேண்டும்.

"சம்பளம் எவ்வளவு போடட்டும்?"

"நெஜமான சம்பளம் போட்டா என்னங்க ஆகும்?" என்று அவன் அப்பாவியாகக் கேட்டான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போடக்கூடாதுப்பா" என்றாள். "பாதி சொல்லு."

"அப்புறம், அந்த ஒரு வரி இருக்காமே, பாசத்தைப் பத்தி... அதையும் போட்டுருங்க. எல்லாரும் சொன்னாங்க."

அவள் அடிக்கத் தொடங்கினாள். அப்போது வாசல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. ஒற்றை விரல் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். முன்பு சீராக விழுந்துகொண்டிருந்த சத்தத்தில் இப்போது ஒரு இழுப்பு இருந்தது. டக், பிறகு ஒரு தேய்ப்பு, பிறகு தாமதமாகத் தொம். குதிகாலை மட்டும் ஊன்றி, விரல் தரையில் படாமல் இடுப்பை வளைத்து நடக்கிற சத்தம்.

"அக்கா," என்றார் அவர் தயங்கித் தயங்கி, "தாளம் மாறிப்போச்சே."

"ம்."

"பாப்பா காலு..."

"லூசா இருக்குன்னு சொல்றா" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாக்கியத்தை அடித்து முடித்தாள். புள்ளி வைத்தாள். பிரிண்டர் முனகிக்கொண்டே தாளை வெளியே தள்ளியது. இளைஞன் அதை எடுத்துப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் கண் கலங்கியது. பக்கத்துக்கு உள்ளதோடு மேலே கொஞ்சம் சேர்த்து மேஜையில் வைத்தான். தாளம் வந்து அம்மாவின் பக்கத்தில், காலைத் தூக்கி ஸ்டூலின் கம்பியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா" என்றாள் மகள்.